ஒரே மாடல், மூன்று கிட்டார்: மேசையில் வைத்து அளந்து பார்த்த கதை

மூன்றும் ஒரே மாடல். ஒரே கொழும்புக் கடையில், ஒரே பில்லில் வாங்கியவை, சீரியல் நம்பரில் கடைசி இலக்கங்கள் மட்டும்தான் வேறு. ஒன்று கறுப்பு, ஒன்று சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி ஓரம் கருத்த நிறம்), ஒன்று வெள்ளை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இசைக்குழு வைத்திருக்கும் தம்பிமார் திருவிழாக் காலம் தொடங்குமுன் காசு சேர்த்து எடுத்தது, ஸ்ட்ராட், அதாவது ஃபென்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவத்துச் சீனத் தயாரிப்பு எலெக்ட்ரிக் கிட்டார். பிராண்ட் பெயரை எழுதப்போவதில்லை. இந்த விலைக்கு வருகிற கிட்டார்களில் பாதிக்கு ஒரே சாமானில் வேறு வேறு பெயர் ஒட்டித்தான் வருகிறது, பெயரைத் தெரிந்துகொண்டு பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஹட்டனில் எனக்கு முக்கிய வேலை அம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் திருத்துவது. கிட்டார் செட்டப் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. வழக்கமாக ஒரு கிட்டார் வரும், சரிசெய்து அனுப்பிவிடுவேன், அது அந்த மாடலின் குணமா அந்த ஒன்றின் குணமா என்று தெரியாது. இந்தத் தடவை மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்ததால் எல்லாவற்றையும் அளந்து கொப்பியில் எழுதி வைத்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அளவுகளுக்குப் போவோம். இயந்திரம் வெட்டிய இடமெல்லாம் மூன்றிலும் அப்படியே ஒன்றுதான், ஒரு மில்லிமீட்டர்கூட விலகல் இல்லை. மனுசக் கை சில நிமிடமாவது செலவழிக்க வேண்டிய இடங்களில்தான் மூன்றும் மூன்று கிட்டாராகப் பிரிந்தன: ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்), நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெட்டுப் போட்ட துண்டு), ஈயப் பற்று, கடைசிச் சரிபார்ப்பு. ஆகவே இந்த விலையில் நீங்கள் ஒரு மாடலை வாங்கவில்லை, கையில் எடுத்த அந்த ஒன்றைத்தான் வாங்குகிறீர்கள்.

முதல் வேலை நெக், அதாவது கிட்டாரின் கழுத்து. கம்பியைக் கழற்றாமல், ட்யூன் பண்ணி, ஹெட்ஸ்டொக் (கம்பி முறுக்குகிற தலை) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உடலில் கம்பி கட்டியிருக்கிற பிரிட்ஜை நோக்கி, ஃபிரெட் பதித்த பலகையான ஃபிங்கர்போர்டின் இரண்டு ஓரத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு ஓரமும் ஒரே அளவில் வளைந்திருந்தால் ட்ரஸ் ரொட் (நெக் வளைவைச் சரிசெய்ய அதற்குள் போட்டிருக்கும் இரும்புக் கோல்) பார்த்துக்கொள்ளும். ஒரு ஓரம் நேராகவும் மற்றது வளைந்தும் இருந்தால் நெக் முறுகிவிட்டது, அதை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் தொடக்கூடாது. மூன்றிலும் முறுக்கு இல்லை, நிம்மதி.

அடுத்தது வளைவு எவ்வளவு என்பது. முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு, கடைசி ஃபிரெட்டில் தடித்த கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 8ஆவது ஃபிரெட் மேல் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அளப்பது. ஃபென்டர் கம்பனி 9.5 அங்குல ரேடியஸ் (ஃபிங்கர்போர்டின் குறுக்கு வளைவு) நெக்குக்குச் சொல்கிற அளவு ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர். இதை அளக்க விசேஷமான கருவி எதுவும் வேண்டாம், ஓட்டோ கராஜில் டெப்பட் அட்ஜஸ்ட் பண்ணுகிற ஃபீலர் கேஜ் போதும், நானும் பக்கத்துக் கராஜில் இரவல் வாங்கியதுதான். கறுப்பில் 0.3. சன்பர்ஸ்டில் 0.65, கம்பி வில் போட்ட மாதிரி நின்றது. வெள்ளையில் 0.05 கேஜ்கூட நுழையவில்லை, கம்பி ஃபிரெட் மேலேயே படுத்திருந்தது.

தம்பி ஒருவர் பயந்துவிட்டார். "அண்ணே, இது பழுதா வந்திருச்சா?" இல்லை, இதுவரைக்கும் பழுது என்று சொல்ல ஒன்றுமில்லை. கப்பலில் கண்டெய்னருக்குள் வெந்து, கொழும்பில் ஏசி போட்ட ஷோரூமில் காய்ந்து, அப்புறம் 4,000 அடிக்கு மேல் ஏறி வந்த மரம் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ட்ரஸ் ரொட் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. சன்பர்ஸ்டில் கால் சுற்று வலப்பக்கம் இறுக்கி, ட்யூன் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்து, மறுபடி கால் சுற்று. 0.25க்கு வந்து நின்றது. வெள்ளையில் ரொட்டின் நட்டைத் தளர்த்தப் போனால் அது ஏற்கெனவே தளர்ந்துதான் கிடந்தது. அதாவது ரொட் இழுக்காமலேயே நெக் பின்பக்கம் வளைந்திருக்கிறது, ரொட்டால் இனிச் செய்ய ஒன்றுமில்லை, ஒரு பக்கம் மட்டும் இழுக்கிற சாதா ரொட் அது.

இந்த மாதிரி நெக்கை முன்னுக்கு இழுக்க இருக்கிற ஒரே மலிவான வழி கம்பியின் இழுவையைக் கூட்டுவது. பெட்டியோடு வந்தது 9-42 செட், அதாவது மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042. 25.5 அங்குல ஸ்கேலில் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையான கம்பி நீளம்) சாதா ட்யூனிங்கில் ஆறு கம்பியும் சேர்ந்து 38 கிலோ அளவில் நெக்கை இழுக்கும். 10-46 போட்டால் அது 46 கிலோ அளவுக்குப் போகும். எட்டுக் கிலோ வித்தியாசம் சின்ன விஷயமில்லை. 10-46 போட்டு ஓர் இரவு வைத்தபின் வெள்ளையில் 0.15 வந்தது. போதும் என்று சொல்லமாட்டேன், ஆனால் வாசிக்கலாம்.

ஸ்கேல் அளவுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். நட்டிலிருந்து 12ஆவது ஃபிரெட் வரை 324 மில்லிமீட்டருக்கு மயிரிழை கீழே இருக்க வேண்டும், மூன்றிலும் இருந்தது. நடுவில் வேறு சில ஃபிரெட்டுகளையும் அளந்தேன், இம்மி பிசகவில்லை. நெக் உட்காரும் குழியில் பக்கவாட்டு இடைவெளி விசிட்டிங் கார்ட் தடிப்புக்குள்தான். முப்பது நாற்பது வருசத்துக்கு முன் வந்த மலிவுக் கிட்டார்களில் ஃபிரெட் இடமே தப்பாக இருந்து எங்கே வாசித்தாலும் சுருதி சேராமல் போன கதை பழைய இசைக்குழு ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள். கணினியில் ஓடுகிற வெட்டு இயந்திரம் வந்தபிறகு அந்தத் தொல்லை அநேகமாக ஒழிந்துவிட்டது. கழற்றிப் பூட்டுகிற நெக்கை லியோ ஃபென்டர் 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்ததே தொழிற்சாலையில் வேகமாகச் செய்யத்தான், இன்றைய மலிவுக் கிட்டாருக்கு அதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு கிடையாது.

கறுப்பில் மட்டும் மெல்லிய ஈ கம்பி ஃபிங்கர்போர்ட் ஓரத்துக்கு ரொம்பக் கிட்ட ஓடியது, விரலை ஆட்டினால் கம்பி விளிம்பில் வழுக்கி விழுந்தது. பின்பக்க நாலு ஸ்க்ரூவையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, நெக்கைக் கையால் ஒரு பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்கியதும் சரியாகிவிட்டது. இதுவே பிரிட்ஜ் ஓட்டை தப்பான இடத்தில் விழுந்திருந்தால் பழைய ஓட்டையை அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும், அது வேறு வேலை.

இனி ஃபிரெட். அதிக நேரம் போனதும் இதில்தான், மூன்றுக்கும் நடுவில் அதிக வித்தியாசம் இருந்ததும் இதில்தான்.

முதலில் ஓரங்கள். நெக்கின் பக்கவாட்டில் கையை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினால் மூன்றிலும் ஃபிரெட் முனைகள் ரம்பப் பல் மாதிரிக் கீறின, வெள்ளையில் மோசம். ஈரம் குறையும்போது மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் முனை வெளியே நீட்டிக்கொள்ளும். இங்கே நம் ஊர் விஷயம் ஒன்று இருக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் ஜூனில் தென்மேல் பருவமழை பிடித்தால் துணியே காயாது, காற்றில் ஈரம் அவ்வளவு. அந்த நேரத்தில் மரம் ஊதி ஃபிரெட் முனையை மூடிவிடும், தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். பெப்ரவரி மார்ச்சில் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்து காயும்போது முனை திரும்ப வெளியே வரும். ஆகவே ஓரத்தை அரம் போடுகிற வேலையைக் காய்ந்த மாதத்தில்தான் செய்ய வேண்டும். மழையில் செய்தால் பாதிதான் எடுபடும். பண்டாரவளை, அப்புத்தளைக்காரர்களுக்குக் கணக்கு வேறு, அவர்களுக்கு ஜூலை ஓகஸ்டில் காய்ந்த காற்று வீசும், அப்போது செய்துகொள்ளலாம். நல்லவேளை இந்த மூன்றும் என்னிடம் வந்தது பெப்ரவரியில்.

நெக் ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, நீளமான மெல்லிய அரத்தை நெக் நீளத்துக்கு ஓட்டி, முனைகள் மரத்தோடு சமமானதும் நிறுத்தினேன். அப்புறம் ஒவ்வொரு முனையின் இரண்டு மூலையையும் ஊசி அரத்தால் உருட்டினேன். இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பதுக்கு மேல் முனைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூலை. பொறுமை கேட்கிற வேலை. விலை கூடிய கிட்டாரில் நீங்கள் காசு கொடுப்பதில் கணிசமான பங்கு இந்தப் பொறுமைக்குத்தான்.

பிறகு உயரம். இரும்பு அடிக்கோல் துண்டை அடுத்தடுத்த மூன்று ஃபிரெட் மேல் வைத்து ஆட்டிப் பார்ப்பது, நடு ஃபிரெட் உயரமாக இருந்தால் டக் டக் என்று ஆடும். கறுப்பில் ஒன்றுகூட ஆடவில்லை, ஆச்சரியம்தான். சன்பர்ஸ்டில் 14ஆவது மட்டும் லேசாக. வெள்ளையில் 3, 7, 11, அதற்குமேல் 15இலிருந்து ஒன்று விட்டு ஒன்று. இதில் 7ஆவதை நகத்தால் அழுத்தினால் ஒரு முனை கீழே போய்த் திரும்ப எழும்பியது, அதாவது ஃபிரெட்டே முழுசாக உட்காரவில்லை. அந்த மாதிரி ஃபிரெட்டை அப்படியே வைத்து மேலே தேய்க்கக்கூடாது, தேய்த்தபிறகு அது கீழே இறங்கினால் பள்ளமாகிவிடும். மெல்லிய சூப்பர் குளூவை அடியில் ஓடவிட்டு, மரத்துண்டை மேலே வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி வைத்தேன். காய்ந்ததும் நின்றுகொண்டது.

வெள்ளைக்கு முழு லெவலிங், அதாவது எல்லா ஃபிரெட்டையும் ஒரே மட்டத்துக்குத் தேய்ப்பது. நெக்கை நேராக்கி, ஃபிங்கர்போர்ட் முழுக்க டேப் ஒட்டி, ஃபிரெட் தலைகளுக்கு மார்க்கரால் கறுப்புப் பூசி, நேரான அலுமினியப் பெட்டிக் குழாயில் 400 நம்பர் சாண்ட் பேப்பர் ஒட்டி நீளவாக்கில் தேய்த்தேன். குழாய் நேரா என்று கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ஹார்ட்வெயார் கடையில் எடுக்கிற எல்லாக் குழாயும் நேராக இருப்பதில்லை. எல்லாத் தலையிலும் மார்க்கர் கொஞ்சமாவது போனதும் நிறுத்த வேண்டும். தலை தட்டையான ஃபிரெட்டுகளை அரத்தால் மறுபடி உருட்டி, நடுவில் மெல்லிய ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சம் வைத்து, அப்புறம் 600, 1000, 2000 என்று ஏற்றிப் பளபளக்க வைத்தேன். இந்த ஃபிரெட் உலோகத்தை நிக்கல் சில்வர் என்பார்கள், செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், மென்மையான உலோகம், கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தாலும் திரும்ப வராது.

கடைக்கு அடிக்கோலும் அரமும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அங்கே இதைச் செய்யலாம்: ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டாக அம்ப் இல்லாமல் வாசியுங்கள், ஓரிடத்தில் மட்டும் சத்தம் செத்தால் அதற்கு அடுத்த ஃபிரெட் உயரம். 12க்கு மேலே மெல்லிய இரண்டு கம்பியையும் முழு சுரம் வளைத்துப் பாருங்கள், வளைக்கும்போது சத்தம் அறுந்தால் மேல் ஃபிரெட்டுகளில் வேலை இருக்கிறது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

நட் மூன்றிலும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு, ஆனால் வெட்டு ஆழம் மூன்று விதம். 3ஆவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்தி முதல் ஃபிரெட் மேல் பார்த்தால் கடதாசி நுழைகிற அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும், சன்பர்ஸ்டிலும் வெள்ளையிலும் அதைவிட நாலைந்து மடங்கு. இதனால்தான் புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்கு எஃப் கோர்ட் பிடிக்க விரல் வலிக்கிறது, பிடித்தாலும் சுருதி கூடி ஒலிக்கிறது, தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தினேன். ட்யூன் பண்ணும்போது "டிங்" என்று ஒரு சத்தம் வந்தால் கம்பி நட்டில் மாட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். சுருதி நிற்கவில்லை என்று, கம்பியை முறுக்குகிற ட்யூனரைப் பழி சொல்வார்கள், பாதி நேரம் குற்றவாளி நட்தான். பென்சில் கரியை வெட்டுக்குள் தேய்த்தாலே பெரிய வித்தியாசம். கறுப்பில் மட்டும் ஒரு ட்யூனர் உண்மையிலேயே ஆடியது, அதன் குமிழ் ஸ்க்ரூவை இறுக்கியும் பல்சக்கரத்தில் இடம் இருந்தது, மாற்றத்தான் வேண்டும்.

கம்பி உயரம் 17ஆவது ஃபிரெட்டில் 1.6 மில்லிமீட்டர் வைத்து, 12ஆவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை லேசாகத் தொட்டு எடுக்கிற சுரம்) அழுத்திய சுரமும் ஒன்றாகும்வரை சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) நகர்த்தினேன். இதெல்லாம் எந்தக் கிட்டாருக்கும் செய்கிற வழக்கமான செட்டப், அதனால் கடையில் கம்பி உயரமாக இருக்கிறது என்பதற்காக ஒரு கிட்டாரை ஒதுக்காதீர்கள். சாடில் ஸ்க்ரூவில் இரண்டு பக்கமும் நகர இடம் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மின் வேலை என் சொந்தத் துறை, ஆசையாகத் திறந்தேன். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியான பிக்கார்டைக் கழற்றினால் வொலியூம், டோன் குமிழ்களின் பொட் எல்லாம் சின்ன சைஸ், 250 கே (கிலோ ஓம்) என்று அச்சிட்டது, மீட்டரில் 228, 241, 262. இருபது சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது அந்தச் சாமானின் விதி, குறை சொல்ல முடியாது. பிக்அப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 கே, அடியில் செராமிக் காந்தப் பட்டை. ஈயப் பற்று மங்கலாகத் தெரிந்தால் உடனே பழுது என்று முடிவுகட்டாதீர்கள், ஈயம் கலக்காத சோல்டர் இயல்பிலேயே மங்கல்தான். வயரைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்ப்பதுதான் சோதனை. வெள்ளையில் ஜெக்கின் எர்த் வயர் இழுத்ததும் கையோடு வந்தது.

சன்பர்ஸ்டில் வேறு விசித்திரம். பிக்அப்பை மாற்றுகிற சுவிட்ச்சில் இரண்டு பிக்அப் சேர்ந்து ஒலிக்கிற 2லும் 4லும் சத்தம் மெலிந்து மூக்கால் பேசுகிற மாதிரி வந்தது, இரைச்சலும் குறையவில்லை. மற்ற இரண்டிலும் அதே இடங்களில் இரைச்சல் அடங்கியது. நடுப் பிக்அப்பைக் காந்தமும் சுற்றும் திருப்பிச் செய்திருந்தால் இரண்டு பிக்அப் சேரும்போது இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும், கம்பிச் சத்தம் கூடும். திசைகாட்டி வைத்துப் பார்த்தேன், மூன்று கிட்டாரிலும் நடுப் பிக்அப் காந்தம் மற்ற இரண்டு பிக்அப்புக்கும் எதிர்ப்பக்கம்தான். அப்போது சன்பர்ஸ்டில் நடுப் பிக்அப்பின் வயர் இரண்டும் மாறிப் பற்றியிருக்கிறது, அவ்வளவுதான். மாற்றிப் பற்றியதும் சத்தம் நிறைந்தது, இரைச்சல் போனது. இதைக் கவனிக்காமல் "இந்த பிக்அப் சரியில்லை" என்று புது செட் வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது சாதாரணம். தொட்டால் கையில் சுள்ளென்று கரண்ட் உணர்ந்தால் கிட்டாரைத் திறந்து பார்க்க வேண்டாம், உடனே கீழே வையுங்கள், கோளாறு அம்பிலோ வீட்டு வயரிங்கிலோ இருக்கிறது. தோட்டத்துப் பழைய லய வீடுகளில் எர்த் ஒழுங்காக இல்லாத பிளக் பொயின்ட் நிறைய, அதில் எர்த் கால் இல்லாத அடாப்டர் வேறு போட்டு 230 வோல்ட்டில் அம்ப் ஓட்டுவார்கள். ஒரு கையில் கம்பியும் முன்னால் மைக்கும் இருக்கும்போது இது விளையாட்டில்லை.

கடைகளில் கேட்கிற ஒரு வசனம்: "இதுவும் அந்தப் பெரிய பிராண்டும் ஒரே ஃபெக்டரிதான்." உண்மையாகவே இருக்கலாம். இந்தோனேசியாவில் கோர்ட் (Cort) நிறுவனம் தன் பெயரிலும் செய்கிறது, ஃபென்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையருக்கும், விலை கூடிய பிஆர்எஸ் கம்பனியின் எஸ்இ வரிசைக்கும் செய்துகொடுக்கிறது. விலையில் எவ்வளவு தூரம்! ஒரே கூரைக்குக் கீழே வேலை நடந்தாலும், எத்தனை நிமிடம் ஃபிரெட்டுக்குச் செலவழிக்க வேண்டும், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை ஓர்டர் கொடுக்கிறவர்தான் தீர்மானிக்கிறார். மலிவு ஓர்டரில் கறுப்பு மாதிரி ஒன்று சும்மா அதிர்ஷ்டத்தில் நன்றாக வந்துவிடும், வெள்ளை மாதிரி ஒன்றும் அதே பெட்டி வரிசையில் கடைசிவரை யாரும் நிறுத்தாமல் வந்துவிடும். ஷோரூமில் மாட்டியிருக்கும் ஒன்றை வாசித்துப் பார்த்து, "புதுசு எடுத்துத் தாரேன்" என்று உள்ளேயிருந்து சீல் பிரிக்காத பெட்டியைத் தந்தால், வாசித்த அதையே கேளுங்கள். கீறல் இருந்தாலும் அதுதான் மேல்.

திருவிழாக் கச்சேரிகள் முடிந்து ஜூனில், மழை நன்றாகப் பிடித்தபிறகு, மூன்றையும் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அளந்தேன். கறுப்பு 0.25, சன்பர்ஸ்ட் 0.2, வெள்ளை 0.05. ஈரத்தில் நெக் எந்தப் பக்கம் வளையும் என்பது எல்லாக் கிட்டாருக்கும் ஒன்றல்ல, இவற்றில் பூச்சில்லாத ஃபிங்கர்போர்ட் ஊதி நெக்கைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. கம்பிகளில் துரு, அதுவும் வழக்கம்தான். வெள்ளையில் முதல் மூன்று ஃபிரெட்டில் கரகரப்பு, அம்பில் கேட்காது, சும்மா வாசித்தால் கேட்கும். சாடிலை அரைச் சுற்று உயர்த்திக் கொடுத்தேன். காய்ந்த மாதம் வரும்வரை அப்படித்தான் ஓட வேண்டும், அதை ரிதம் வாசிக்கிற தம்பி வைத்துக்கொண்டார். கறுப்புக்கு ட்யூனர் இன்னும் கொழும்பிலிருந்து வரவில்லை.

இப்போது பேஸ் கிட்டார் வாங்கப் போகிறார்களாம். 34 அங்குல ஸ்கேல், நாலு தடித்த கம்பி, நெக் நீளம், வளையவும் முறுகவும் இடம் அதிகம். ட்ரஸ் ரொட் நட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று கடையிலேயே கேட்டுத் திருப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், காசு கொடுக்குமுன் எனக்கு வீடியோ கோல் எடுத்து நெக் ஓரம் இரண்டையும் காட்டவும் சொல்லியிருக்கிறேன்.